உப்புத் தண்ணீர், கரிசல் மண், சித்திரை வெயில்: வீட்டுத் தோட்டத்தைக் காப்பாற்ற

கேள்வி சுருக்கமாக இது: விருதுநகர் மாவட்டத்தில் வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டைச் சுற்றி 4 சென்ட் வெறும் இடம், கரிசல் மண். போர் தண்ணீர் உப்பு. குழாய்த் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான் காணும். ஐப்பசியில் நட்ட செடிகள் நன்றாக வருகின்றன. பங்குனி பிறந்ததும் ஒவ்வொன்றாகக் கருகுகின்றன. சொட்டு நீர் போட்டால் சரியாகுமா, இல்லை தோட்ட ஆசையை விட்டுவிடலாமா?

விட வேண்டாம். ஆனால் சொட்டு நீருக்கு இப்போதே பணத்தைப் போடவும் வேண்டாம். நானும் இதே கரிசலில் இருபது வருடமாகச் செடி வளர்க்கிறேன். இந்த மண்ணில் தண்ணீர் எப்படி வருகிறது என்பதைவிட எந்த வழியாக ஓடிப்போகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அந்த வழிகளை அடைத்த பிறகு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டால், இப்போது ஊற்றுவதில் பாதிகூடத் தேவைப்படாது.

முதலில் வரவைப் பாருங்கள். நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். 4 சென்ட் என்பது ஏறக்குறைய 160 சதுர மீட்டர். அப்படியென்றால் உங்கள் வெறும் இடத்தில் மட்டும் வருடத்துக்கு ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரி பத்துக்கு மேல் வந்து கொட்டிவிட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுபோக மொட்டைமாடி இருக்கிறது. 1000 சதுர அடி மாடியில் வருடத்துக்கு 74,000 லிட்டர். அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள்ளேயே வந்துவிடுகிறது. சிக்கலும் இதுதான்: ஆண்டுத் தண்ணீரில் பாதி மூன்று மாதத்தில் வந்து, தெருவில் ஓடிவிடுகிறது.

அதனால் மழைக்கு முன், ஆவணியிலேயே, இடத்தின் சரிவைப் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாலே தெரியும். பெரும்பாலான வீடுகளில் மண்ணடித்துத் தெருப்பக்கம் சரிவு கொடுத்திருப்பார்கள். அந்தச் சரிவுக்குக் குறுக்கே முக்கால் அடி உயர வரப்பு ஒன்று போட்டாலே முதல் மழையின் பெரும்பகுதி உள்ளே நிற்கும். வீட்டைச் சுற்றி இன்டர்லாக் கல் பதிக்கலாம் என்று யோசனை இருந்தால், தயவுசெய்து கைவிடுங்கள். அது மழையையும் உள்ளே விடாது. சித்திரையில் அடுப்பு மாதிரி சுட்டு, பக்கத்துச் செடியையும் வாட்டும்.

ஒரு எச்சரிக்கை. கரிசல் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டித் தண்ணீர் தேங்கவிட்டால் சுவர் விரிசல் விடும். வரப்பு, குழி, பாத்தி எல்லாமே சுவரிலிருந்து குறைந்தது எட்டு, பத்து அடி தள்ளியே இருக்கட்டும். மழைநீர்ச் சேமிப்புத் தொட்டிக்கும் இதேதான். 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் ஒரு குழாயும் குழியும் இருக்கும். அது மண் அடைத்துக் கிடக்கிறதா என்று திறந்து பாருங்கள். இருக்கிற குழியைத் தூர்வாருவது புதிதாக எதையும் வாங்குவதைவிட மேல்.

இப்போது தண்ணீர்ச் செலவு. கரிசல் மண் தண்ணீரைப் பிடித்து வைப்பதில் கெட்டிக்காரத்தனமான மண். மானாவாரிப் பருத்தி, சோளம், உளுந்து எல்லாம் இந்த மண்ணில் மழையோடு விளைவது அதனால்தான். ஆனால் மேல்மண் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும். பங்குனியில் அந்த வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரை போகும். அந்த வெடிப்பு வழியாக வெயிலும் காற்றும் வேர் இருக்கும் ஆழத்துக்கே இறங்கி ஈரத்தை உறிஞ்சிவிடுகின்றன. நீங்கள் ஊற்றும் தண்ணீரும் வேரைத் தொடாமல் அதே வெடிப்பில் நேரே கீழே போய்விடுகிறது. உங்கள் செடிகள் பங்குனியில் போவதற்கு முதல் காரணம் இது என்று நினைக்கிறேன்.

இதற்கு மருந்து மூடாக்கு. மண் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான். தை மாதம், மண்ணில் இன்னும் ஈரம் இருக்கும்போது, வெடிப்பு விழுவதற்கு முன்பே, மேல்மண்ணை லேசாகக் கொத்திவிட்டு அரை அடிக் கனத்துக்கு மூட வேண்டும். காய்ந்த பிறகு மூடினால் காய்ந்த மண்ணைத்தான் மூடி வைத்திருப்பீர்கள். எதைப் போடலாம் என்றால், நம் ஊரில் கிடைப்பது எல்லாமே: உளுந்தம் பொட்டு (உளுந்து அடித்த பின் மிஞ்சும் தோலும் சருகும்), கடலைத் தோல், சோளத்தட்டை, வேப்பஞ்சருகு, தென்னை மட்டை, கிழிந்த பனையோலை. உளுந்து, பாசிப்பயறு அடிக்கும் சமயத்தில் களத்துமேட்டில் கேட்டால் பொட்டு மூட்டை மலிவாகக் கிடைக்கும். மாட்டுக்குப் போக மிச்சம் இருக்கும். கோழி இருக்கும் வீடென்றால் மேலே தென்னை மட்டையை வையுங்கள், இல்லையென்றால் கிளறித் தள்ளிவிடும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு சோதனை. ஒரே பாத்தியில் பாதியை மூடுங்கள், பாதியை அப்படியே விடுங்கள். ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். திறந்த பாதியில் வெறுங்காலை வைக்க முடியாது. மூடிய பாதியில் சருகை விலக்கிக் கையை வைத்தால், மண் தண்ணீர்ப் பானையின் வெளிப்புறம் மாதிரி குளிர்ந்திருக்கும். விரல் இரண்டு கணு வரை இறங்கும், எடுத்தால் மண் ஒட்டிக்கொண்டு வரும். கீழே மண்புழுவும் இருக்கும். எங்கள் வீட்டில் அம்மா அந்தச் சோதனையைப் பார்த்த பிறகுதான் வாசல் சருகைக் கூட்டிக் கொளுத்துவதை நிறுத்தினார்.

கரையான் வருமே என்பீர்கள். வரும். காய்ந்த சருகைத்தான் அது தின்னும். ஈரமும் உயிரும் உள்ள செடிக்கு அவ்வளவாகப் போகாது. தண்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி மூடாக்கைப் போட்டு, நடும்போதே குழியில் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்துவிட்டால் போதும். பாம்பு, தேள் பயம் நியாயமானதுதான். வீட்டு வாசல், குழந்தைகள் நடமாடும் பாதைப் பக்கம் கனமாகப் போடாதீர்கள், கையால் விலக்குவதற்கு முன் குச்சியால் ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள்.

அடுத்து பாத்தி. இப்போது வீடியோக்களில் எல்லோரும் மேட்டுப்பாத்தி போடச் சொல்கிறார்கள். மழை அதிகமுள்ள, தண்ணீர் தேங்கும் ஊர்களுக்கு அது நல்லது. நம் வெயிலுக்கு மேட்டுப்பாத்தி என்றால் நான்கு பக்கமும் காற்றுப்பட்டு உலர்ந்துபோகும். இங்கே பள்ளப்பாத்திதான் சரி: தரையைவிட அரை அடி பள்ளமாக, சுற்றிலும் வரப்போடு. ஊற்றுவது அதற்குள்ளேயே நிற்கும், விழும் மழையும் அதற்குள்ளேயே இறங்கும். கார்த்திகை அடைமழையில் மட்டும் தண்ணீர் நின்று வேர் அழுகாமல் இருக்க, வரப்பில் ஓரிடத்தில் வாய் வெட்டி வையுங்கள், தேவைப்படும்போது திறந்துவிடலாம். பள்ளத்தில் மட்கிய சாணமும் இலைமட்கும் தாராளமாகக் கலந்தால் கரிசலின் இறுக்கம் குறையும். உங்கள் இடத்தில் வீட்டுக்காக அடித்த செம்மண்ணோ சரளையோ இருந்தால் கதை வேறு: அதில் தண்ணீர் நிற்காது, அங்கே கண்மாய்க் கரம்பை, அதாவது கண்மாயில் படிந்த வண்டல், கலந்தால் நிற்கும்.

இனி உப்பு. "கருகுகின்றன" என்று எழுதியிருந்தீர்கள். எப்படிக் கருகுகிறது என்று கவனித்துப் பாருங்கள். தாகத்தில் வாடும் செடி முழுதாகத் தொங்கும். உப்பு ஏறிய செடி நிமிர்ந்தே நிற்கும், ஆனால் முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் தீய்ந்து பழுப்பாகும். மண் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். இது தெரியாமல் வாடுகிறது என்று மேலும் உப்புத் தண்ணீரை ஊற்றினால் நோயையே மருந்தாகக் கொடுப்பதாகிவிடும். இன்னொன்றும் சொல்லவேண்டும்: கத்தரி, பூசணி, சுரை எல்லாம் மதியம் இரண்டு மணிக்கு இலையைத் தொங்கப்போடும். அது வெயிலுக்குத் தப்பிக்கும் வழி. சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் தண்ணீர் தேவையில்லை. காலை ஆறு மணிக்கும் தொங்கினால்தான் தாகம்.

போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு எத்தனை மில்லிகிராம் என்று அளந்துவிடுங்கள். அதற்கான பேனா மாதிரிக் கருவி கடையில் கிடைக்கிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பாசன வழிகாட்டலில் 450 வரை எந்தப் பயிருக்கும் கவலையில்லை, 450-லிருந்து 2000 வரை பயிரைப் பார்த்துப் பயன்படுத்தலாம், 2000-க்கு மேல் கடுமையான கட்டுப்பாடு தேவை என்று இருக்கிறது. பீன்ஸ், கேரட், வெங்காயம், எலுமிச்சை போன்றவை உப்பைத் தாங்கவே தாங்காது. அவற்றுக்கு ஆசைப்பட்டால் மழைத்தண்ணீர்தான். தென்னை, சப்போட்டா, இலந்தை, பூவரசு, வேம்பு எல்லாம் தாங்கும். மாதுளை ஓரளவு தாங்கும்.

உப்புத் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் செய்யக்கூடாத வேலை. தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மேல்மண்ணில் சேரும். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை நிறைய ஊற்றி, உப்பு வேருக்குக் கீழே இறங்கும்படி செய்யுங்கள். இலையில் படவிடாதீர்கள். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவு நீரைச் செடிக்கு விடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். உள்ளே போகும் தண்ணீரே உப்பென்றால் வெளியே வரும் கழிவு நீரில் உப்பு இன்னும் கூடுதல். நான் ஒரு கோடை முழுக்க அதை எலுமிச்சைக்கு விட்டு, காய்ப்புக்கு வந்திருந்த மரத்தை இழந்தேன். வீடு கழுவ, கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள், மண்ணில் விட வேண்டாம். அப்புறம், ஐப்பசி மழை வருடம் சேர்ந்த உப்பைக் கழுவி இறக்கும் மழை. அந்தச் சமயத்தில் பாத்திகளை நிறைய நனையவிடுங்கள்.

சரி, கோடைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? சித்திரையில் ஒரு சதுர மீட்டர் காய்கறிப் பாத்திக்கு நாளுக்கு ஐந்தாறு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 100 சதுர அடிக்கு 50, 55 லிட்டர். நான்கு பேர் ஆளுக்கு ஒரு வாளி குளித்தாலே 60 லிட்டருக்கு மேல் வெளியே போகிறது. ஆகவே உங்கள் குளியலறைத் தண்ணீர் ஒரு சின்னத் தோட்டத்துக்குப் போதுமானது, போர் உப்பாக இருந்தால் குளிக்கும் தண்ணீரும் உப்புத்தானே என்ற ஒரு குறையோடு. அதை வாழை, கல்வாழை, தென்னை இருக்கும் பக்கம் திருப்பிவிடுங்கள். கீரைக்கும், முள்ளங்கி மாதிரிக் கிழங்குக்கும் வேண்டாம். துணி துவைத்த முதல் தண்ணீரில் சோடியம் அதிகம், கரிசலை இறுக்கிவிடும்; கடைசியாக அலசிய தண்ணீரை மட்டும் எடுங்கள். அரிசி களைந்த, காய் கழுவிய தண்ணீர் எதற்கும் ஊற்றலாம். எதையும் தேக்கி வைக்காதீர்கள், ஒரு நாளில் நாறும், கொசு வரும்.

காய்கறிப் பாத்திக்கு நான் முழு நம்பிக்கையோடு சொல்வது பானைப் பாசனம். சீனாவில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே வேளாண் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்குக் குயவர் வீட்டுப் பானை பக்கத்திலேயே இருக்கிறது. ஏழெட்டு லிட்டர் பிடிக்கும், வாய் குறுகிய, பெயின்டோ வார்னிஷோ அடிக்காத பானையாக வாங்குங்கள். வாங்கியதும் தண்ணீர் நிரப்பி நிழலில் வையுங்கள். சில மணி நேரத்தில் வெளியே வேர்த்தால் நல்ல பானை, வேர்க்காதது செடிக்கு ஆகாது. கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைக்க வேண்டும். கரிசல் சுருங்கும்போது பானையை நெரித்து உடைத்துவிடும். அதனால் குழியைப் பெரிதாக எடுத்து, பானையைச் சுற்றி மணலும் மட்கும் கலந்து நிரப்புங்கள். வாயில் ஒரு சில்லோ தட்டோ வைத்து மூடுங்கள். பானையைச் சுற்றி ஒரு சாண் தள்ளி நான்கு கத்தரியோ, இரண்டு சுரையோ நடலாம்.

மண் காயும்போது பானை தானாகவே கசியும், ஈரமாக இருந்தால் கசிவது குறையும். கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். ஊருக்குப் போனாலும் கவலையில்லை. ஒரு தடவை அறுவடை முடிந்து பானையைத் தோண்டி எடுத்தேன். மெல்லிய வெள்ளை வேர்கள் பானை முழுக்க உறி மாதிரிப் பின்னிப் பிடித்திருந்தன. தூக்கினால் மண்ணைவிட வேரே கனமாக இருந்தது. பானைக்கு மட்டும் மாடியில் பிடித்த மழைத்தண்ணீரை வையுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் ஒன்றிரண்டு வருடத்தில் நுண்துளை அடைத்துவிடும், தேங்காய் நாரால் தேய்த்தாலும் முழுதாகத் திரும்பாது. இதற்காகவே ஒரு மூடிபோட்ட தொட்டி கட்டலாம். அதற்குச் செலவு செய்வதில் எனக்கு மறுப்பில்லை.

நிழல் பற்றி ஒரு பேச்சு. மேற்கு வெயில்தான் கொல்லும், கிழக்கு வெயில் இல்லை. மேற்கு ஓரமாக ஆடியிலோ ஆவணியிலோ அகத்தி விதையை ஊன்றிவிடுங்கள். மாசிக்குள் ஆளுயரத்தைத் தாண்டிவிடும்; வெயில் கூடக்கூட நிழலும் கூடும், ஐப்பசியில் வெயில் வேண்டும்போது கிளையைக் கழித்து ஆட்டுக்கோ மூடாக்குக்கோ போடலாம். பெரியகுளத்தில் வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கையும் இதற்கு ஏற்றது, காயும் கிடைக்கும். பச்சை வலை வாங்குவதென்றால் ஐம்பது சதவீதத்துக்கு மேல் நிழல் தரும் வலை காய்கறிக்கு வேண்டாம்.

என்ன போடுவது, எப்போது போடுவது என்பதில்தான் பாதித் தண்ணீர் மிச்சமாகும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது சரிதான், ஆனால் நம் கரிசலுக்குப் பெருவிதைப்பு புரட்டாசியில்தான். கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றை ஆவணிக் கடைசியில் பாவி புரட்டாசி, ஐப்பசியில் நட்டால் மழையே பாதிப் பயிரை வளர்த்துவிடும். ராமநாதபுரம் முண்டு மிளகாய் மானாவாரியில் வளர்ந்து பழகிய ரகம். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. விதை கிடைத்தால் பத்துச் செடி வையுங்கள். தையில் கொத்தவரை, தட்டைப்பயறு, வெண்டை, வெள்ளரி. சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சைத் தின்ற யாருக்கும் இந்த மண் என்ன தரும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோடைக்குச் சுண்டை, கோவை, பிரண்டை, தூதுவளை, முருங்கை. இவற்றில் பிரண்டைக்கு நான் கோடையில் தண்ணீர் ஊற்றியதே இல்லை.

சித்திரையிலும் வைகாசியிலும் புதிதாக எதையும் நடாதீர்கள். மண்ணை மூடி வைத்து, இருக்கும் செடியைக் காப்பாற்றினால் போதும். நர்சரியில் பச்சைப்பசேலென்று இருக்கும் செடி நிழல்வலைக்குள் வளர்ந்தது. சித்திரையில் வாங்கி வந்து கரிசலில் நட்டால் ஒரு வாரம் தாங்காது. புல்தரை ஆசை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அதே தண்ணீரில் ஒரு வீட்டுக்கான காய் விளையும்.

மரங்களுக்கு அதிகம் சொல்லவில்லை. நெல்லி, சீத்தா, கொடுக்காப்புளி, மாதுளை போன்றவற்றை மூன்றடிக் குழியில் ஐப்பசி மழைக்கு முன் நட்டு, முதல் இரண்டு கோடை பார்த்துக்கொண்டால் பிறகு அவையே பார்த்துக்கொள்ளும். பெரிய மரத்துக்கு ஊற்றுவது தண்டின் அடியில் இல்லை. கிளையின் நிழல் முடியும் வட்டத்தில், அங்கேதான் உறிஞ்சும் வேர் இருக்கிறது.

சொட்டு நீர் பற்றிக் கேட்டதற்கு இப்போது பதில். மூடாக்கு, பள்ளப்பாத்தி, மழைத்தொட்டி மூன்றும் ஆன பிறகு, தொட்டித் தண்ணீருக்குச் சொட்டு நீர் போடுங்கள். மூடாக்குக்குக் கீழே குழாயை ஓடவிடுங்கள். உப்புப் போரோடு நேராக இணைத்தால் சொட்டி சுண்ணாம்பு பிடித்து அடைக்கும், செடி வாடிய பிறகுதான் அடைத்தது தெரியும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வேலியோரத்திலோ பக்கத்துப் புஞ்சையிலோ புரட்டாசி மழைக்குப் பிறகு மெல்லிய கொடி ஒன்று தானாகப் படர்ந்து, வரி வரியான சின்னக் காய் காய்க்கும். அதலைக்காய். பாகலுக்குச் சொந்தக்காரன், லேசான கசப்பு, வெங்காயம் போட்டு வதக்கினால் அருமை. மழை முடிந்ததும் கொடி காய்ந்துவிடும், ஆனால் மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருக்கும். பங்குனியில் பாத்தி கொத்தும்போது மம்பட்டியில் அந்தக் கிழங்கு தட்டுப்பட்டால் தூக்கி எறியாமல், வேலியோரம் ஒரு முழக் குச்சியை அடையாளம் நட்டு, அங்கேயே புதைத்துவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அடுத்த புரட்டாசியில் அந்தக் குச்சியில் கொடி ஏறும்.